பேட்டரியின் பழுதை வீட்டிலேயே அறிதல்

மோட்டார் கார் புறப்பட மறுத்தால் பழி முதலில் பேட்டரியின் மீதே விழுகிறது. சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லை என்றதும், "பேட்டரி போய்விட்டது" என்று முடிவுகட்டிப் புதியதொன்றை வாங்கிப் பொருத்திவிடுவது பெருவழக்காக இருக்கிறது. அவ்வாறு வாங்கிய புதுப் பேட்டரியும் சில நாள்களில் அடங்கிப்போவதுண்டு. அப்பொழுதுதான் பழுது வேறிடத்தில் இருந்தது என்பது வெளியாகும். அதற்குள் பணம் கைவிட்டுப் போயிருக்கும். காரும் பழையபடி நின்றிருக்கும்.

இதற்குக் காரணம், இருவேறு நிலைகளை ஒன்றாகக் கொள்வதே. மின்சாரம் தீர்ந்த பேட்டரி வேறு. பழுதுற்ற பேட்டரி வேறு. முன்னது பசித்திருப்பவனைப் போன்றது. பின்னது நோயுற்றவனைப் போன்றது. பசித்தவனுக்குச் சோறிட்டால் எழுந்து நடப்பான். நோயாளிக்கு அது போதாது. பேட்டரி பசித்திருக்கிறதா, நோயுற்றிருக்கிறதா, பசித்திருப்பின் அதற்கு உணவு வராமற் போனது ஏன் என்னும் இவ்வினாக்களுக்கு விடை காண்பதே சோதனையின் நோக்கம். அதற்கு வேண்டிய கருவிகள் சிலவே. பொறுமைதான் மிகுதியாக வேண்டும்.

பேட்டரியின் அமைப்பு

பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்ட்டன் பிளாந்தே 1859-ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலத்தை அமைத்தார். 1881-இல் காமில் ஃபோர் என்பவர் தகடுகளின் மீது ஈயச் சேர்மத்தைக் குழைத்துப் பூசும் முறையைக் கண்டு, அதன் கொள்ளளவைப் பெருக்கினார். தொடக்க காலக் கார்களில் எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றியே இயக்கினர். சார்லஸ் கெட்டரிங் ஆக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது முதல், எஞ்சினைச் சுழற்றிவிடும் பணி பேட்டரிக்கு உரியதாயிற்று.

இன்றைய கார்களில் உள்ள 12 வோல்ட்டு பேட்டரி உண்மையில் ஒரு கலம் அன்று. வரிசையாக இணைக்கப்பட்ட ஆறு கலங்களின் தொகுதி. மக்கள் இவற்றை அறைகள் என்பர். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட்டு தரும். ஆறும் சேர்ந்து 12.6 வோல்ட்டு ஆகும். அறைதோறும் நேர்த்தகட்டில் ஈய டையாக்சைடும், எதிர்த்தகட்டில் கடற்பஞ்சு போன்ற ஈயமும், இவற்றிடையே நீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. மின்சாரம் வெளியேறுங்கால் இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றுங்கால் இம்மாற்றம் பின்னோக்கி நிகழ்ந்து, தகடுகளும் அமிலமும் பழைய நிலையை அடைகின்றன.

எஞ்சின் ஓடும்பொழுது இம்மின்னேற்றத்தைச் செய்வது ஆல்ட்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி. ஆகவே, கார் புறப்படாமைக்குரிய ஐயப்பாட்டில் மூன்று பேர் நிற்கின்றனர்: மின்சாரத்தைச் சேமிக்க இயலாத பேட்டரி, அதற்கு மின்சாரம் ஊட்டாத ஆல்ட்டர்னேட்டர், கார் நிற்கும்பொழுது மின்சாரத்தை உறிஞ்சும் ஏதோவொரு கருவி. இவற்றிடையே இணைப்புக் கம்பிகளும் முனைகளும் உள்ளன என்பதையும் மறத்தலாகாது.

பேட்டரி கெடுவது எதனால்?

குளிர் நாடுகளில் பேட்டரி பனிக்காலக் காலையில் செயலிழக்கும். ஆதலின் குளிரே அதன் பகை என்று பலர் கருதுவர். உண்மையில் குளிர் அதன் ஆற்றலை அப்போதைக்குக் குறைக்கிறது. வெப்பமோ அதன் ஆயுளையே அரிக்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடுந்தோறும் உள்ளே நிகழும் சிதைவின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் நண்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுகிறது. எஞ்சினை மூடிய பானட்டின் கீழ் அது மிகவும் கூடும். ஆகவே இங்குப் பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடுவது வியப்பன்று.

இரண்டாவது பகை, மின்சாரம் தீர்ந்த நிலையில் நெடுநாள் நிற்பது. அப்பொழுது தகடுகளில் படிந்த மெல்லிய ஈய சல்பேட்டு, கரடான படிகமாக இறுகிவிடும். இறுகிய பகுதி பின்னர் மின்னேற்றத்தால் கரைவது அரிது. தற்காலக் காரில், நிறுத்தி வைத்திருக்கும்பொழுதும் கடிகாரம், திருட்டுத் தடுப்பு மணி, கணினி ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை அருந்திக்கொண்டேயிருக்கும். இது 50 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவாகும். 45 ஆம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள பேட்டரியில் பாதி, மூன்று வாரத்திற்குள் தீர்ந்துவிடும். மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18 முதலும், சிங்கப்பூரில் அவ்வாண்டு ஏப்ரல் 7 முதலும் மக்கள் வீட்டில் அடங்கியிருக்க நேர்ந்தபொழுது, நெடுநாள் அசையாது நின்ற கார்களுக்கு இத்தகைய தீங்கு நேரக் காரணமிருந்தது.

சோதனைக்கு முன் காப்பு

பேட்டரியுள் இருப்பது உடலைப் புண்ணாக்கும் அமிலம். மின்னேற்றத்தின்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும்; காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே ஒரு பொறி பட்டு வெடிக்கத்தக்கது அது. ஆகவே சோதனை செய்யுமிடத்தில் காற்றோட்டம் வேண்டும். சிகரெட்டும் தீக்குச்சியும் அருகில் வரலாகா. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அணிக. மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றி வைத்திடுக. இரு முனைகளையும் ஓர் உலோகம் இணைத்துவிட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். கண்ணில் அமிலம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

கம்பிகளைக் கழற்றும்பொழுது எதிர்முனையை முதலில் கழற்றி, பூட்டும்பொழுது அதனை இறுதியில் பூட்டுக. காரின் உடல் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், முறை மாறினால் திருகுசாவி காரின் உடலில் பட்டுப் பொறி பறக்கக்கூடும்.

கண்ணாற் காணுதல்

முதற் சோதனைக்குக் கருவி வேண்டுவதில்லை. பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருக்கின்றனவா, வெடிப்போ கசிவோ உண்டா என்று காண்க. அழுகிய முட்டையின் நாற்றம் வீசினால் பேட்டரி அளவுக்கு மிஞ்சி மின்னேறி வெந்துகொண்டிருக்கிறது எனக் கொள்க. இவற்றுள் ஒன்று இருப்பினும் மேற்கொண்டு சோதனை வேண்டா. அந்தப் பேட்டரியில் மின்னேற்றவும் கூடாது. தொழிலறிந்தவரிடம் விட்டுவிடுவதே தக்கது.

முனைகளில் வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கும் பொடி, மின்னோட்டத்தைத் தடுக்கும். கம்பியைக் கழற்றியபின், ஆப்ப சோடாவை நீரிற் கரைத்துத் துலக்கினால் அது நீங்கும்; கரைசல் அறைகளுக்குள் புகாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் உலர்த்தி இறுகப் பூட்டுக. தளர்ந்த பிடியொன்றை முடுக்கியதனால் மட்டுமே உயிர்பெற்ற கார்கள் பல.

சில பேட்டரிகளின் மேல் சிறு கண்ணாடிக் கண் ஒன்று இருக்கும். அதன் நிறம் மின்னேற்றத்தின் நிலையைக் காட்டுமெனினும், அது ஆறு அறைகளில் ஒன்றனை மட்டுமே காண்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று கெட்டிருப்பினும் கண் பச்சையாகவே இருக்கலாம்.

விளக்காலும் ஒலியாலும் அறிதல்

முகப்பு விளக்குகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புக. மூன்று விளைவுகள் நிகழலாம். விளக்கு முதலிலேயே மங்கலாக இருந்தால் பேட்டரியில் மின்சாரம் குறைவு. நன்றாக எரிந்த விளக்கு, சாவியைத் திருப்பியதும் அணையும் அளவுக்கு மங்கி, "டக் டக் டக்" என விரைந்த ஒலி கேட்டால், பேட்டரி சுமையைத் தாங்கவில்லை, அல்லது முனை இணைப்பு சரியில்லை எனலாம். விளக்கு சிறிதும் மங்காமல் எரிய, ஸ்டார்ட்டர் மட்டும் அசையாதிருந்தால், ஸ்டார்ட்டருக்கு மின்சாரமே செல்லவில்லை. ஸ்டார்ட்டரையோ அதன் கம்பியையோ சாவி இணைப்பையோ ஐயுறுதல் வேண்டும். இம்மூன்றாம் நிலையில் புதுப் பேட்டரி வாங்குவது வீண் செலவு. எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையாயின், கோளாறு பெட்ரோலிலோ தீப்பொறியிலோ இருக்கலாம். பேட்டரியைப் பழித்தல் முறையன்று.

ஓய்வு நிலையில் அளத்தல்

மேற்கொண்டு அறிய மல்டிமீட்டர் என்னும் மின்னளவி ஒன்று வேண்டும். மின்பொருள் கடைகளில் எளிய விலைக்கே கிடைக்கும். அதனை நேர்மின்னழுத்த அளவையில் 20 வோல்ட்டு நிலையில் வைத்து, சிவப்புக் கம்பியை நேர்முனையிலும் கறுப்புக் கம்பியை எதிர்முனையிலும் தொடுவித்தால் எண் தோன்றும்.

ஓட்டிவந்த உடனே அளத்தலாகாது. அப்பொழுது தகடுகளின் மேற்பரப்பில் தங்கியுள்ள மின்னேற்றம் 13 வோல்ட்டையும் தாண்டிக் காட்டி ஏமாற்றும். சில மணி நேரம், கூடுமாயின் ஓரிரவு, பேட்டரியை ஓயவிட்டுக் காலையில் அளப்பதே சரியான முறை. அப்பொழுது கிடைக்கும் எண்களின் பொருள் ஏறத்தாழ வருமாறு:

12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் – முழுமை
12.4 வோல்ட்டு – முக்கால் பங்கு
12.2 வோல்ட்டு – பாதி
12.0 வோல்ட்டு – கால் பங்கு
11.9 வோல்ட்டும் அதற்குக் கீழும் – தீர்ந்த நிலை

12 வோல்ட்டு பேட்டரியில் 12 வோல்ட்டு இருந்தால் அது நிறைந்திருக்கிறது என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று என்பது இவ்வட்டவணையால் விளங்கும். மற்றொன்று: முழுதும் மின்னேற்றிய பின்னரும் எண் 10.5 வோல்ட்டளவிலேயே நிற்குமாயின், ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்பது பொருள். 12.6-லிருந்து 2.1 குறைந்தால் 10.5 ஆதலைக் காண்க. இத்தகைய பேட்டரிக்கு மாற்று வழியில்லை.

சுமையேற்றி அளத்தல்

ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டு காட்டும் பேட்டரியும் காரைக் கிளப்பாமற் போவதுண்டு. இவ்விடத்திலேதான் பலரும் மயங்குகின்றனர். உயரத்தில் நிறைந்து நிற்கும் நீர்த்தொட்டியொன்றைக் கருதுக. அதன் குழாயில் அழுக்கு அடைத்துக்கொண்டால், தொட்டியில் நீர் மட்டம் குறையாதிருந்தும் கீழே சொட்டுச் சொட்டாகவே நீர் வரும். மின்னழுத்தம் என்பது நீர் மட்டம் போன்றது. பேட்டரியின் உள்தடை என்பது குழாயின் அடைப்புப் போன்றது. தகடுகள் இறுகவும் அரிக்கவும் பெற்ற பேட்டரியில் உள்தடை வளர்கிறது.

ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்க. உள்தடை 0.01 ஓமாக உள்ள பேட்டரியில் 150-ஐ 0.01-ஆல் பெருக்க வரும் 1.5 வோல்ட்டு உள்ளேயே குறையும், 11.1 வோல்ட்டு எஞ்சும். எஞ்சின் எளிதில் சுழலும். உள்தடை 0.03 ஓமாக வளர்ந்த பேட்டரியில் அதே மின்னோட்டத்திற்கு 4.5 வோல்ட்டு குறையும், 8.1 வோல்ட்டே எஞ்சும். ஓய்வில் இரண்டும் 12.6 காட்டியவையே. சுமை வந்தபொழுதுதான் உண்மை வெளிப்படுகிறது.

ஆகவே, மின்னளவியின் கம்பிகளை முனைகளில் பிடித்துக்கொண்டு, மற்றொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, எஞ்சின் சுழலும் அந்தச் சில நொடிகளில் எண் எவ்வளவு தாழ்கிறது எனக் காண்க. மின்னேற்றம் நிறைந்த நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே தாழாது. பெரும்பாலும் 10-க்கு மேலேயே நிற்கும். முழுதும் மின்னேற்றிய பின்னரும் 9.6-க்குக் கீழ் விழுந்தால் அதன் காலம் முடிந்தது எனக் கொள்ளலாம். மின்னேற்றாமல் இச்சோதனையைச் செய்து முடிவுகட்டுதல் பசித்தவனை ஓடவிட்டு நோயாளி என்பதை ஒக்கும்.

இதே வேளையில் மற்றொன்றையும் அறியலாம். ஒரு கம்பியைப் பேட்டரியின் ஈய முனையிலும், மற்றதை அம்முனையைக் கவ்வியிருக்கும் பிடியிலும் வைத்துச் சாவியைத் திருப்பினால், எண் சுழிக்கு அருகில் இருத்தல் வேண்டும். அரை வோல்ட்டு காட்டினால் பழுது அவ்விணைப்பில் உள்ளது.

அமிலத்தின் அடர்த்தி

திருகு மூடிகள் உள்ள பேட்டரியாயின், ஹைட்ராமீட்டர் கொண்டு அறைதோறும் அமிலத்தின் ஒப்படர்த்தியை அளக்கலாம். நிறைந்த பேட்டரியில் அது 1.265 அளவில் இருக்கும், பாதியில் 1.190 ஆகும். வெப்ப நாடுகளுக்கெனச் சற்றே நீர்த்த அமிலம் நிரப்புவதும் உண்டு. ஆதலின் தனி எண்ணைவிட, அறைகளுக்கிடையே உள்ள வேறுபாடே மிகுந்த பொருளுடையது. ஓர் அறை மற்றவற்றினின்று 0.050 அளவு தாழ்ந்திருந்தால் அவ்வறை பழுதுற்றது. அமிலம் குறைந்து தகடுகள் வெளியே தெரிந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. குழாய்நீரும் அமிலமும் ஊற்றலாகா.

மற்ற இருவரை விசாரித்தல்

பேட்டரி நல்லதெனத் தெரிந்தால், அது தீர்ந்ததற்குக் காரணம் தேடுதல் வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு முனைகளில் அளந்தால் ஏறத்தாழ 13.8 முதல் 14.7 வோல்ட்டு வரை இருத்தல் நலம். எண் 12.6-க்கு மேல் ஏறவே இல்லையாயின் ஆல்ட்டர்னேட்டரோ அதன் வார்ப்பட்டையோ வேலை செய்யவில்லை. 15-ஐத் தாண்டி நின்றால் அளவு மீறிய மின்னேற்றம் பேட்டரியைக் கொல்கிறது. அண்மைக்காலக் கார் சிலவற்றில் கணினியே மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்துவதால், முகப்பு விளக்குகளை ஏற்றி, பலமுறை அளந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது குற்றவாளியைப் பிடிக்க எளிய வழி ஒன்றுண்டு. முழுதும் மின்னேற்றிய பேட்டரியைச் சில மணி நேரம் ஓயவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்க. எதிர்முனையைக் கழற்றிவிட்டு ஓரிரவு கழித்து மீண்டும் அளக்க. மறுநாள் இரவு முனையைப் பூட்டி வைத்து அவ்வாறே அளக்க. கழற்றியிருந்தபொழுதும் எண் பெரிதும் தாழ்ந்தால் பேட்டரி தனக்குள்ளேயே மின்சாரத்தை இழக்கிறது. பழுது அதனிடமே உள்ளது. கழற்றியபொழுது நிலைத்து நின்று, பூட்டியபொழுது தாழ்ந்தால் காரில் ஏதோ ஒன்று உறிஞ்சுகிறது. பின்பெட்டியில் அணையாத 5 வாட்டு விளக்கொன்று மணிக்கு 0.4 ஆம்பியர்-மணி வீதம் நான்கைந்து நாளில் பேட்டரியைக் காலிசெய்துவிடும். முனையைக் கழற்றினால் கடிகாரமும் வானொலியும் தம் நினைவை இழக்கலாம். சில கார்களில் வானொலிக்கு மறைஎண் வேண்டியிருக்கும். அதனை முன்னரே அறிந்துவைத்தல் நன்று.

புதுவகைக் கார்கள்

நிற்குந்தோறும் எஞ்சினைத் தானே அணைத்து மீண்டும் கிளப்பும் கார்களுக்கு ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. எனப்படும் வலுமிகுந்த பேட்டரிகள் உரியவை. சாதாரணப் பேட்டரியை அவற்றிற்கு மாற்றாக வைத்தல் பொருந்தாது. ஏ.ஜி.எம். பேட்டரி நிறைந்த நிலையில் 12.8 வோல்ட்டளவு காட்டும். ஹைபிரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட்டு பேட்டரியோடு நூற்றுக்கணக்கான வோல்ட்டுடைய பெரும் பேட்டரியும் உண்டு. அதன் கம்பிகள் ஆரஞ்சு நிறத்தன. அந்நிறக் கம்பியை வீட்டில் எவரும் தொடுதல் கூடாது. அது உயிருக்கு இறுதி.

முடிவு கூறுதல்

மேற்கண்ட சோதனைகளைச் செய்வதில் முறை ஒன்று உண்டு. முதலில் கண்ணாற் கண்டு முனைகளைத் துலக்குக. பின்னர் மின்னேற்றியைக் கொண்டு முழுமையாக மின்னேற்றுக. 45 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு 4 அல்லது 5 ஆம்பியர் அளவில் பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஓரிரவு ஓயவிட்டு அளக்க. அதன்பின் சுமையேற்றி அளக்க. இவ்விரண்டிலும் தேறிய பேட்டரியை எறிதல் கூடாது. ஆல்ட்டர்னேட்டரையும் உறிஞ்சும் கருவியையும் தேடுதல் வேண்டும். தேறாத பேட்டரியை வைத்துக்கொண்டு காலம் கடத்துதலும் கூடாது. இரவில் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு நிற்க நேர்வது புதுப் பேட்டரியின் விலையினும் பெருந்துன்பம்.

அவசரத்துக்கு மற்றொரு காரிலிருந்து மின்சாரம் பெற நேர்ந்தால், இறுதிக் கம்பியைத் தீர்ந்த பேட்டரியின் எதிர்முனையில் பூட்டாமல், சற்றுத் தள்ளி எஞ்சினின் பூச்சற்ற உலோகப் பகுதியில் பூட்டுக. பொறி பறந்தாலும் வாயுவை எட்டாது.

கழிக்கப்பட்ட பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் இடுதலும் தோட்டத்து மூலையில் போட்டுவைத்தலும் தீது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகள் ஈய அமிலப் பேட்டரிக் கழிவை அட்டவணைக் கழிவுகளில் ஒன்றாக வகுத்துள்ளன. புதியதை விற்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்துவிட்டால், அதன் ஈயம் உருக்கப்பட்டு மீண்டும் பேட்டரியாகும்.

பள்ளியில் மின்னழுத்தம், மின்னோட்டம், தடை என்னும் மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் பயிற்றும் ஆசிரியர்க்கு, இம்மூன்றும் ஒருங்கே விளங்கும் எடுத்துக்காட்டு வீட்டு வாசலில் நிற்கும் காரிலேயே இருக்கிறது. 12.6 காட்டிய பேட்டரி, சாவியைத் திருப்பியதும் 8-க்கு வீழ்வதை ஒருமுறை கண்ட மாணவன், தடையென்பது யாதென்பதைப் பின்னர் மறக்க மாட்டான்.